சிரிக்கவும் பயப்படவும் தெரிந்த வாசகர்களைப் பழிக்காதீர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார வாசகர்கள் கைமாற்றிப் படிக்கும் சிறு இதழ் ஒன்றில், மர்ம நாவல்களையும் அமானுஷ்யக் கதைகளையும் பற்றி ஒரு வாசகர் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லிச் சண்டைக்கு இழுப்பது என் நோக்கமல்ல. அவர் எழுதியதை இங்கே பலர் யோசித்துப் பார்க்காமலே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆளுக்கு மரியாதை உண்டு. அந்தக் கருத்துக்குக் கிடையாது. அறியாமையில் தொடங்கி ஆணவத்தில் போய் முடிகிற கட்டுரை அது.

அவருடைய குற்றச்சாட்டுகள் நான்கு. ஒன்று, சிரிப்பும் திகிலும் ஒரே கதைக்குள் வந்தால் இரண்டுமே கெட்டுப்போகும். அப்படி எழுதுகிறவனுக்கு இரண்டும் வராது என்றுதான் அர்த்தம். இரண்டு, பேயும் சித்தரும் காவல் தெய்வமும் வரும் நாவல்கள் மூடநம்பிக்கையை வளர்க்கின்றன. மூன்று, இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு. தமிழில் இதற்கு வேர் இல்லை. நான்கு, ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளர்களும் பொழுது போகாத இல்லத்தரசிகளும் மூளைக்கு ஓய்வு கொடுக்கப் படிப்பவை இவை. ஆகவே கிளை நூலகங்கள் இவற்றை வாங்குவதை நிறுத்த வேண்டும்.

இந்த நான்காவதுதான் அவருடைய உண்மையான எண்ணம். முதல் மூன்றும் அதை மறைக்கத் தொங்கவிட்ட திரை. திரையைக் கிழித்துவிட்டு அங்கே வருகிறேன்.

மரபு பற்றிய பேச்சை முதலில் முடிப்போம். தமிழில் வேர் இல்லை என்கிறவர் வசிப்பது ஆவடிக்குப் பக்கத்தில். ஆவடி ஸ்டேஷனில் அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால், திருவள்ளூர் தாண்டித் திருவாலங்காடு வரும். தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொண்ட காரைக்கால் அம்மையார் பாடிய ஊர் அது. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பார்கள். அவருடைய மூத்த திருப்பதிகத்தில் சுடுகாட்டுப் பேய் ஒன்று வருகிறது. அது கள்ளிச் செடியின் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்கிறது. எரிந்து தீர்ந்த கொள்ளிக்கட்டையை எடுத்து மசித்து மை செய்கிறது. அந்த மையைக் கண்ணுக்கு இட்டுக்கொண்டு வெடுவெடென்று சிரிக்கிறது. பிறகு தானே மிரண்டு துள்ளிக் குதிக்கிறது. குதித்த வேகத்தில் பிணம் எரியும் தீ அதைச் சுட்டுவிடுகிறது. கோபம் வந்து, புழுதியை அள்ளிப் போட்டு அந்தத் தீயை அணைக்கப் பார்க்கிறது.

இதைப் படித்து யாருக்குச் சிரிப்பு வராது? யாருக்கு முதுகு சில்லிடாது? அலங்காரம் செய்துகொள்ளும் பேய், தன் சிரிப்புக்குத் தானே மிரளும் பேய், சுட்டுக்கொண்டு சுடுகாட்டின் மேலேயே எரிச்சல் படும் பேய். இத்தனையும் இறைவன் ஆடும் அரங்கைக் காட்டும் பக்திப் பாடலுக்குள் இருக்கிறது. அந்த அம்மையாரின் வரலாற்றை விரித்துப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் நம் பூந்தமல்லிக்குப் பக்கத்து ஊர்தான். காலடி மண்ணைக் குனிந்து பார்க்காதவர்தான் வேர் இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறார்.

அதே திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூருக்கு வருவோம். பழையனூர் நீலியின் கதை பல வடிவங்களில் வழங்குகிறது, சாரம் ஒன்றுதான். கணவனால் கொல்லப்பட்ட மனைவி பேயாகிறாள். மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறான் என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். இவள் பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறாள் என்று அவன் கதறுகிறான். குழந்தையை இறக்கி விட்டுப் பார்க்கிறார்கள். அது அவனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. சபையோர் அவளை நம்புகிறார்கள். அவனிடம், உன் உயிருக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது வேளாளர்களும் தீயில் இறங்குகிறார்கள். திருஞானசம்பந்தர் தம்முடைய திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்த வஞ்சத்தைக் குறிப்பிடுகிறார் என்றால், 7ஆம் நூற்றாண்டிலேயே ஊரறிந்த கதை இது.

இதில் கொலை இருக்கிறது. பொய்ச்சாட்சி இருக்கிறது. ஜோடிக்கப்பட்ட தடயம் இருக்கிறது. விசாரணை இருக்கிறது, தவறான தீர்ப்பு இருக்கிறது, அந்தத் தீர்ப்புக்கு நீதிபதிகள் கொடுக்கும் விலையும் இருக்கிறது. ஒரு மர்ம நாவலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இதைச் சொன்ன மண்ணில் நின்றுகொண்டு இறக்குமதிச் சரக்கு என்கிறார்.

இன்னும் மேலே போகிறேன். முதலாம் குலோத்துங்கன் காலத்தில், அவனுடைய தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடியது ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணி. போரைப் பாடும் அந்தப் பெருநூலில் பெரும்பகுதி பேய்களுக்குத்தான். பசியில் வாடும் பேய்களுக்குப் போர்க்களம் விருந்தாக வாய்க்கிறது. யானைத் தந்தத்தால் பல் துலக்கச் சொல்கிறார் புலவர்; அதன் விலா எலும்பால் நாக்கு வழிக்கச் சொல்கிறார். களத்துப் பிணங்களைக் கொண்டு சமைத்த கூழ் வெந்ததும் பந்தி நடக்கிறது. சமணப் பேய்க்கு ஒருவேளைச் சாப்பாடுதான், அதுவும் மயிர் கிடக்காமல் வடிகட்டி ஊற்ற வேண்டும். குருட்டுப் பேய் பானையைத் தடவிப் பார்க்கிறது, ஊமைப் பேய் சைகை காட்டிக் கேட்கிறது, கனவு கண்ட பேய்க்கு நாளைக்கும் சேர்த்துக் கூழ் பொதிந்து வைக்க வேண்டும். வெற்றிக் களிப்பைப் பாட வந்த அரசவைப் புலவர், போர் விட்டுச்சென்ற பிணக்குவியலை இப்படிச் சிரிக்கச் சிரிக்கக் காட்டியிருக்கிறார். சிரித்து முடித்த பிறகுதான் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது நமக்கு உறைக்கிறது. சிரிப்பும் திகிலும் சேர்ந்தால் இரண்டும் கெடும் என்ற அவருடைய விதிப்படி, ஜெயங்கொண்டாருக்கு எழுதத் தெரியவில்லை. அவர் அதைச் சொல்லத் தயாரா?

மரபு நவீனத்தோடு கைகோத்த இடத்தையும் காட்டுகிறேன். தமிழில் துப்பறியும் கதையைத் தொடங்கி வைத்தவர் பண்டித நடேச சாஸ்திரி. தானவன் என்ற போலீஸ்காரர் துப்புத் துலக்கும் அவருடைய கதை 1894இல் வந்தது. அதே நடேச சாஸ்திரிதான் அதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டுக்கொண்டிருந்தவர். பாட்டி சொன்ன கதைகளைச் சேகரித்த கைதான் முதல் துப்பறியும் கதையையும் எழுதியது. பிறகு ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களைத் தழுவி எழுதினார்கள் என்பது உண்மை. யாரும் அதை மறைக்கவில்லை. ஆனால் தழுவல் இருந்ததால் மரபே இல்லை என்று சொல்ல முடியுமா? சிறுகதையும் நாவலும் மேற்கிலிருந்துதான் வந்தன. அவர் கொண்டாடும் இலக்கிய நாவல் மட்டும் எந்த ஆற்றங்கரையில் முளைத்தது? வடிவம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஒரு வகை எழுத்துக்கு மட்டும் வைப்பது பாரபட்சம்.

அடுத்து, சிரிப்பும் திகிலும். இவை ஒன்றையொன்று கெடுக்கும் என்று சொல்கிறவர் தேவனின் துப்பறியும் சாம்புவைப் படித்ததாகத் தெரியவில்லை. படித்திருந்தால் கவனித்ததாகத் தெரியவில்லை. 1940களில் ஆனந்த விகடனில் வந்த சாம்பு, ஊரே மண்டு என்று முடிவு கட்டிய பாங்கு குமாஸ்தா. அவன் எதையோ நினைத்து எதையோ செய்கிறான், குற்றவாளி மாட்டிக்கொள்கிறான். இன்ஸ்பெக்டர் கோபாலன் பிரமித்து நிற்கிறார். இதில் தேவனின் தொழில்நுட்பம் என்ன? வழக்கை அவிழ்க்கப் போகும் விஷயத்தைச் சாம்புவின் அசட்டுத்தனத்துக்கு நடுவில் வைத்துவிடுகிறார். நாம் சிரித்துக்கொண்டே அதைக் கடந்து போய்விடுகிறோம். முடிச்சு அவிழும்போது, கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லையே என்று அதிர்கிறோம். அங்கே சிரிப்புதான் மர்மத்தைக் காப்பாற்றுகிறது. சிரிப்பை எடுத்துவிட்டால் அந்தக் கதைகளில் மர்மமும் நிற்காது.

சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரையும் பாருங்கள். வசந்த் அடிக்கும் ஜோக்குகளைப் பக்கத்தை நிரப்பும் உத்தி என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார். வழக்கறிஞர் கணேஷ் எதையும் நிதானமாக நிறுத்துப் பார்ப்பவன். யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் சந்தேகத்தை வசந்த் கிண்டலாகச் சொல்லிவிடுவான். ஜோக் என்பதால் அவை நடுவே அதைச் சொல்ல முடிகிறது. சொன்ன பிறகு அது வாசகன் மண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா பேசிக்கொள்ளும் சீண்டல்களிலும், சுபாவின் நரேந்திரன், வைஜெயந்தி உரையாடல்களிலும் இதே வேலை வேறு அளவில் நடக்கிறது. வேகமாகப் பேசிக்கொண்டே போகிறவர்களின் பேச்சில் எது வெறும் கேலி, எது தகவல் என்று பிரித்தெடுக்கும் பொறுப்பு வாசகனுக்கு வருகிறது.

வெளியே போய்ப் பார்த்தாலும் இதேதான். மெக்பெத்தில் மன்னன் கொலையான உடனே, கதவு தட்டப்படும்போது, குடிபோதையில் உளறிக்கொண்டு வாயிற்காவலன் வருகிறான். ஷேக்ஸ்பியருக்கு அந்த இடத்தில் சிரிப்பு தேவைப்பட்டது. ஆஸ்கார் வைல்டின் கேன்டர்வில் பேய், தன்னைக் கண்டு பயப்படாத அமெரிக்கக் குடும்பத்தைப் பார்த்து நொந்துபோகிறது. ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவ் ஒரு நாவலில் சாத்தானை மாஸ்கோவுக்கே அழைத்து வந்து, ஸ்டாலின் காலத்து அதிகாரிகளின் பொய்களை அம்பலப்படுத்தினார். அவர் 1940இல் இறந்தார், அந்த நாவல் 1966இல்தான் அச்சேறத் தொடங்கியது. பேயும் நகைச்சுவையும் அறிவை மழுங்கடிப்பவை என்றால், ஓர் எழுத்தாளன் இறந்து கால் நூற்றாண்டு ஆகும்வரை ஓர் அரசாங்கம் அவன் நாவலை வெளியே விடாமல் வைத்திருப்பானேன்?

அதற்கு இணையானதை நம் புதுமைப்பித்தன் 1940களிலேயே செய்துவிட்டார். கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையில், சென்னை வீதியில் கடவுள் மனித உருவில் வந்து நிற்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரைக் காபி குடிக்க அழைத்துப் போகிறார். தான் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு அவரையே சந்தா கட்டச் சொல்கிறார். காஞ்சனையை எழுதி நம்மைக் கதிகலங்க வைத்தவரும் இதே புதுமைப்பித்தன்தான். காஞ்சனையில் நடப்பது பேயா, மனப்பிரமையா என்று கடைசிவரை அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. நவீனத் தமிழ்ச் சிறுகதையின் உச்சம் என்று கட்டுரையாளரே வணங்கும் எழுத்தாளரின் கையில் சிரிப்பும் இருந்தது, பேயும் இருந்தது. சிற்றிதழில் வந்தால் கலை, வார இதழில் வந்தால் குப்பை என்பதுதான் அவருடைய அளவுகோல் என்றால், அதை நேராகச் சொல்லட்டும்.

வங்காளிகளுக்கு இந்தக் கூச்சம் இல்லை. பரசுராம் எழுதிய பேய்க் கேலிக் கதைகளையும் சீர்ஷேந்து முகோபாத்யாயின் விசித்திர நாவல்களையும் அவர்கள் இலக்கியம் என்றே தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். உபேந்திரகிஷோர் எழுதிய குபி, பாகா கதையில் பேய்கள் வரம் தருகின்றன. அதை 1969இல் படமாக்கியவர் சத்யஜித் ராய். அதே ராய்தான் ஃபெலுடா துப்பறியும் கதைகளையும் எழுதினார். எந்த வங்காளியும் ராயின் தரம் அதனால் தாழ்ந்தது என்று கட்டுரை எழுதியதாக நான் அறியேன்.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன்: மூடநம்பிக்கை. இதுதான் கேட்பதற்கு நியாயம் போலத் தெரிவது. பெரியாரின் பெயரையும் துணைக்கு அழைத்திருக்கிறார் என்பதால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

மர்ம நாவலின் அடிப்படையே சந்தேகம்தான். முதல் அத்தியாயத்தில் பேய் கொன்றது என்று ஊர் சொல்லும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் இரண்டாவது அத்தியாயமே கிடையாது. யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, கதவு உள்தாழ்ப்பாளா வெளித்தாழ்ப்பாளா, செத்தவனால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டுக்கொண்டே போவதுதான் மீதிக் கதை. 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்த கொலையுதிர் காலத்தில், எஸ்டேட்டில் இரவில் ஒரு பெண்ணுருவம் தெரிகிறது. அந்தத் தொடர் வாராவாரம் நடத்தியது ஒரு வழக்கு: கண்ணால் பார்த்ததை நம்பலாமா? ஒளியை வைத்து உருவத்தை உண்டாக்கும் ஹோலோகிராம் என்ற ஒன்று இருக்கிறது என்பதை லட்சக்கணக்கான தமிழர்கள் முதலில் தெரிந்துகொண்டது பாடப்புத்தகத்தில் அல்ல, அந்தப் பேய்க் கதையில். அதை எழுதிய சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர். அவரே விகடனில் எழுதிய கரையெல்லாம் செண்பகப்பூவில், நாட்டுப்பாடல் ஆராய ஜமீன் வீட்டுக்குப் போகும் இளைஞன் இரவுச் சத்தங்களைக் கேட்கிறான். பயந்து ஓடாமல் துருவிப் பார்க்கிறான். இதில் எங்கே மூடநம்பிக்கை?

இந்திரா சௌந்தர்ராஜனைத்தான் கட்டுரையாளர் அதிகம் வசைபாடியிருக்கிறார். அவர் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். பதில் சொல்ல அவர் இல்லை. அவரைப் படித்த நாங்கள் இருக்கிறோம். விட்டு விடு கருப்பா என்ற நாவலாக வந்து, நாகாவின் இயக்கத்தில் 1990களில் மர்ம தேசம் வரிசையில் விடாது கருப்பு என்று சின்னத்திரையில் ஓடிய கதையை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் தவறு செய்கிறவர்களுக்குத் தண்டனை விழுகிறது. கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குள் நுழைந்து விசாரிக்க, மனநலம் படித்த ஒரு பெண் வருகிறார். பயத்தின் பின்னால் மனித மனத்தின் காயம் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை, தமிழ்நாட்டு நடுக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தது அந்தத் தொடர். இந்திரா சௌந்தர்ராஜன் நம்பிக்கை உள்ளவர். தெய்வத்தை அவர் தள்ளவில்லை. ஆனால் கேள்வியையும் தள்ளவில்லை. நம்புகிறவனும் நம்பாதவனும் ஒரே கதையில் சமமாக நின்று வாதாட இடம் கொடுத்தார். அந்த இடத்தைக் கட்டுரையாளர் தம் கட்டுரையில் யாருக்கும் கொடுக்கவில்லை.

மூடநம்பிக்கை எங்கே விற்கிறது என்று அவருக்குத் தெரியாதா? காலையில் தொலைக்காட்சியைத் திறந்தால் ராசிபலன். கடைத்தெருவில் பரிகாரம் சொல்லும் போர்டுகள். இவையெல்லாம் உண்மை என்று சொல்லிக் காசு வாங்குகின்றன. நாவல் அட்டையிலேயே நாவல் என்று அச்சிட்டுக்கொண்டு வருகிறது. பொய் என்று ஒத்துக்கொண்டு வருகிறவனைப் பிடித்து உதைத்துவிட்டு, உண்மை என்று சொல்லி ஏமாற்றுகிறவன் வீட்டு வாசலைத் தாண்டிப் போவது பகுத்தறிவு ஆகாது.

பேய்க் கதைகள் செய்யும் இன்னொரு வேலையும் அவர் கண்ணில் படவில்லை. பழையனூர் நீலி யார்? புருஷன் கையால் செத்தவள். உயிரோடு இருந்தபோது அவளுக்காக எந்தச் சபையும் கூடவில்லை. பேயான பிறகுதான் சபை கூடுகிறது. நம் ஊர்களில் பேயாகவும் காவல் தெய்வமாகவும் வழங்கும் பெண்களின் கதைகளில் பெரும்பாலானவை தீர்ப்புக் கிடைக்காத கொலை வழக்குகள். கோர்ட்டும் போலீஸும் இல்லாத இடத்தில் ஊர் தன் மனசாட்சியை வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அமானுஷ்ய நாவலில் செத்தவள் திரும்பி வருகிறாள் என்றால், அவளுக்குப் பாக்கி ஒன்று இருக்கிறது என்று பொருள். அதைக் கேட்கும் காது வேண்டும். மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் காதைப் பொத்திக்கொள்வது எளிது.

இனி நான்காவது. தொழிலாளிகளும் இல்லத்தரசிகளும் மூளைக்கு ஓய்வு கொடுக்கப் படிக்கிறார்களாம்.

ஐயா, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்தவன் நான். நான் கண்டதைச் சொல்கிறேன். டீ இடைவேளையில் மாத நாவல் ஒன்று கைமாறும். படித்து முடித்தவர்கள் அட்டையைப் பாராட்டிக்கொண்டிருக்கவில்லை. கதையைப் பிரித்து மேய்ந்தார்கள். தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த ஒருவர், கதையில் கொலைகாரன் ஏறியதாகச் சொல்லும் நேரத்துக்கு அரக்கோணம் லோக்கல் கிடையாது, ஆகவே அவன் சொன்ன சாட்சியம் பொய், எழுத்தாளரே இதைக் கவனிக்கவில்லை என்று வாதாடினார். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் தப்பைக் கண்டுபிடிக்கிற ஆளுக்குக் கதையில் இருக்கும் ஓட்டை தெரியாமல் போகுமா? இன்னொருவர், பேய் வரும் அத்தியாயத்தில் நாய் ஏன் குரைக்கவில்லை என்று கேட்டார். அடுத்த ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும்வரை அந்த வாதம் ஓயவில்லை. இலக்கியக் கூட்டங்களில் இத்தனை கவனமான வாசிப்பை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

பெண்களைப் பற்றியும் சொல்கிறேன். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருந்த வாடகை நூலகத்தில், வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளை வாராவாரம் கத்தரித்து, படத்தோடு சேர்த்துத் தைத்து, காலிகோ பைண்டிங் போட்டு வைத்திருப்பார்கள். இந்தச் சேகரிப்பில் பாதிக்கு மேல் பெண்கள் கொண்டுவந்து கொடுத்தவை. ஒரு வாரம் தவறினால் அந்த இதழைத் தேடிப் பழைய பேப்பர் கடை வரைக்கும் போனார்கள். ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருக்கும். மூன்றாவது வாரத்திலேயே ஒருவர் குற்றவாளியின் பெயரை ஊகித்து எழுதியிருப்பார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, அப்படியானால் சாவி எப்படி அவன் கைக்குப் போனது என்று கேட்டிருக்கும். முகம் தெரியாத இரண்டு பெண்கள் ஒரு கதையின் ஓரத்தில் தர்க்கம் செய்திருக்கிறார்கள். பதிப்பாளர்களும் ஆய்வாளர்களும் கைவிட்ட எத்தனையோ தொடர்கள் இன்றைக்கு மிஞ்சியிருப்பது இப்படிப்பட்ட பைண்டிங்குகளில்தான். பொழுது போகாதவர்கள் என்று அவர் ஏளனம் செய்யும் இவர்கள் செய்தது ஆவணக் காப்பகத்தின் வேலை.

தமிழ் வெகுஜனக் கதைகளின் தொகுப்பு ஒன்றைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல், ப்ரீத்தம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் வந்த பிறகு பலருக்கு இவை திடீரென்று சுவாரஸ்யமாகிவிட்டன. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எந்தச் சான்றிதழும் இல்லாமல், இவற்றின் அருமை தெரிந்து படித்தவர்கள் பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் இருந்தார்கள்.

இந்த வகை எழுத்தில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. மாதத்துக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு எழுதியதால் தேய்ந்த முடிச்சுகள் உண்டு. பெண்ணுடலை விற்பனைச் சரக்காக்கிய அட்டைகள் உண்டு. அச்சுறுத்த வேண்டிய இடத்தில் ரத்தத்தை ஊற்றிச் சமாளித்தவை உண்டு. பேய் வந்ததற்குக் காரணமும் சொல்லாமல் மர்மத்தையும் காப்பாற்றாமல் கடைசி இரண்டு பக்கத்தில் கைகழுவிய நாவல்கள் நிறைய உண்டு. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எங்கே தோற்றது என்று காட்டினால் அது விமர்சனம். அந்த விமர்சனம் இந்த எழுத்துக்கு மிகவும் தேவை. அதற்காக நாங்கள் காத்திருக்கிறோம். கட்டுரையாளர் அந்த வேலையைச் செய்யவில்லை. ஒரு நாவலின் ஓர் அத்தியாயத்தைக்கூட எடுத்துப் பேசவில்லை. நாவல்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, அவற்றைப் படிக்கிறவர்களின் தொழிலையும் வீட்டையும் காட்டி, ஆகவே மட்டம் என்று முடித்துவிட்டார். புத்தகத்தைத் தூக்கிப் பார்க்காமல் அதைத் தூக்கியிருக்கும் கையைப் பார்த்துத் தரம் சொல்வதற்குப் பெயர் விமர்சனம் இல்லை. சாதிப் புத்தி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக நூலகம். கிளை நூலகம் ஓடுவது நாம் சொத்துவரியோடு சேர்த்துக் கட்டும் நூலக வரியில். எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவரும் அதைக் கட்டுகிறார். ஆவடி டாங்க் பாக்டரியிலிருந்து ஓய்வு பெற்றவரும் கட்டுகிறார். பூந்தமல்லியில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பமும் வாடகை வழியாக அதைத்தான் கட்டுகிறது. அவர்கள் காசில் நடக்கும் இடத்தில் அவர்கள் விரும்பும் புத்தகம் இருக்கக் கூடாது என்று சொல்ல இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒரு புத்தகம் வேண்டாம் என்று அவர் நினைத்தால் எடுக்காமல் போகலாம். அந்த உரிமையை யாரும் பறிக்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவர் கையிலிருந்து பிடுங்கும் உரிமை அவருக்கு இல்லை.

ஆகவே இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். ஐயா, கிளை நூலகங்களுக்கு இவற்றை வாங்கக் கூடாது என்ற உங்கள் பரிந்துரையை அடுத்த இதழிலேயே திரும்பப் பெறுங்கள். அதோடு தேவனையும் சுஜாதாவையும் இந்திரா சௌந்தர்ராஜனையும் ஒவ்வொரு நாவலாவது முழுதாகப் படித்துவிட்டு, பக்க எண்ணோடு குறை சொல்லி எழுதுங்கள். எழுதினால், அதே நாவல்களை மடியில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பதில் சொல்ல இந்த வட்டாரத்தில் ஆள் இருக்கிறது. நீங்கள் மூளையே இல்லாதவர்கள் என்று நினைத்த ஷிஃப்ட் தொழிலாளிகளும் இல்லத்தரசிகளும்தான் அவர்கள்.